அட்டவணையைப் படிக்கும் விதம்

சென்ற இதழ் வெளியான பின் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, இப்பகுதியில் நாம் இதுவரை தொடாத விஷயத்தைப் பற்றியது. எழுதியவர் தென்கல்கத்தாவில் குடியிருக்கும் ஒரு சகோதரியார். (2001-இல் ஊரின் பெயர் மாறிவிட்டது. ஆனாலும் நம் வீடுகளில் அது இன்றும் கல்கத்தாதான். நாமும் அப்படியே எழுதுகிறோம்.) அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். ஈஸ்ட் பெங்கால் கோஷ்டியின் பரம அபிமானி. கால்பந்து லீக்கின் அட்டவணை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து விடுகிறானாம். கோடு போடுகிறான், தேதி எழுதுகிறான், தோழர்களுடன் ‘இது கஷ்டம், அது சுலபம்’ என்று இரவு பத்து மணி வரையில் வாதாடுகிறான். கோஷ்டி தோற்ற அன்று அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. “நாமோ பிழைக்க வந்தவர்கள். இந்த ஊர்ப் பந்துக் கோஷ்டியின் கஷ்ட நஷ்டம் நமக்கு எதற்கு? அடுத்த வருஷம் அவனுக்கு மாத்யமிக் பரீட்சை. அந்த நோட்டைப் பிடுங்கி வைத்து விடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் ரயில்வேக்காரர்; அட்டவணை என்றால் உங்களுக்குத் தெரியாததா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மையாருக்கு நம்முடைய விடை: பிடுங்க வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பைத்தியம் பிள்ளைகளை மட்டும் பிடித்ததன்று. நமது காரியாலயத்தில் தலை நரைத்தவர்களும் அட்டவணை வந்த அன்று கோப்பைத் திறப்பதில்லை. ஹில்சா மீன் தின்னும் கிழக்கு வங்கத்தார் ஒருபுறமும், இறால் தின்னும் மோகன் பாகன் கட்சியார் மறுபுறமும் உட்கார்ந்து, இன்னும் ஆடப்படாத ஆட்டங்களுக்கெல்லாம் முடிவு எழுதி விடுவார்கள். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் செய்த வாதம் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பருவத்து இந்தியன் சூப்பர் லீக்கில் 13 கோஷ்டிகள். ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்டங்கள். ஈஸ்ட் பெங்காலுக்கு முதலில் விழுந்தவை இவை: செப்டம்பர் 14 பெங்களூரு, 22 கொச்சி, 27 சொந்த மைதானத்தில் கோவாவுடன், அக்டோபர் 5 ஜாம்ஷெட்பூர், 19 மோகன் பாகனுடன் பெரிய ஆட்டம், 22 புவனேசுவரம். பார்த்தவர் எல்லாரும் தலையில் கை வைத்துக் கொண்டார்கள். எதிரிகளின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘கடினம்’, ‘மிகக் கடினம்’ என்று குறித்தார்கள். ஓய்வு பெறும் வயதை எட்டிய பெரியவர் ஒருவர் மட்டும், “ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணினீர்களா?” என்று கேட்டார். எவரும் எண்ணவில்லை.

ரயில்வேயில் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். வண்டி ஓட்டுபவர்களுக்கு வேலை வகுக்கும் வரிசையை ‘லிங்க்’ என்போம். அதை வகுப்பவர், வண்டி பெரிய வண்டியா சின்ன வண்டியா என்று மலைத்து நிற்பதில்லை. வந்து இறங்கிய மனிதருக்கு ஓய்வு கிடைத்ததா, அடுத்த வண்டி எங்கிருந்து புறப்படுகிறது, அங்கே அவர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றையே பார்ப்பார். ரேக்கின் சங்கதியும் அப்படியே. தாமதமாக வந்து சேர்ந்த ரேக், எவ்வளவு உயர்ந்த எக்ஸ்பிரஸின் பெயரைத் தாங்கியிருந்தாலும், தாமதமாகத்தான் திரும்பும்.

‘ஆட்டக்காரர்கள் விமானத்தில் அல்லவா போகிறார்கள்?’ என்று வாசகர் கேட்கலாம். உண்மையே. ஹவுராவிலிருந்து புவனேசுவரம் ரயிலில் ஏறத்தாழ 440 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரத்துச் சங்கதி. ஆனால் விமான நிலையத்துக்குப் போவதும், காத்திருப்பதும், ஓட்டலில் இறங்கி மூட்டையை அவிழ்ப்பதுமாக ஒரு நாள் போய்விடுகிறது. தொண்ணூறு நிமிஷம் ஓடிய கால்கள் தேறுவதற்கு இன்னொரு நாளாவது வேண்டும். ஆகவே இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள நாட்களை எண்ணி, பயணத்துக்கு ஒன்றும் உடம்பு தேற ஒன்றும் கழித்துவிட்டால், மிஞ்சுவதே பயிற்சிக்குக் கிடைக்கும் நாள். அபிமானிகளின் நோட்டில் இருக்க வேண்டிய கணக்கு இதுவே.

இந்தக் கணக்கை 2024-இன் அட்டவணைக்குப் போட்டுப் பார்ப்போம். பெங்களூருக்கும் கொச்சிக்கும் நடுவே ஏழு நாள். கொச்சிக்கும் கோவா ஆட்டத்துக்கும் நடுவே நான்கு நாள். அதற்குப் பின் ஜாம்ஷெட்பூருக்கு மறுபடியும் ஏழு. ரயிலில் அது ஏறத்தாழ 250 கிலோமீட்டர், நம்மவர் காலையில் போய் இரவில் திரும்பும் தூரம். ஜாம்ஷெட்பூரிலிருந்து பெரிய ஆட்டத்துக்கு முழுசாகப் பதின்மூன்று நாள். ‘பொல்லாத அட்டவணை’ என்று ஊரார் அழுத முதல் ஐந்து ஆட்டங்களில், ஓய்வில்லை என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. ஐந்திலும் ஈஸ்ட் பெங்கால் தோற்றது.

உண்மையான நெருக்கடி அக்டோபர் 19-க்குப் பின்னரே தொடங்கிற்று. லீக் அட்டவணையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. ஏனென்றால் அதில் பாதி வேறொரு தாளில் இருந்தது. ஆகஸ்ட் 14-இல் துருக்மெனிஸ்தானின் ஆல்டின் அசிர் கோஷ்டியிடம் 2-3 என்று தோற்றதால், ஈஸ்ட் பெங்கால் ஆசியாவின் சாலஞ்ச் லீக்கில் போய் விழுந்தது. அதன் ஆட்டங்கள் பூட்டானின் திம்புவில் அக்டோபர் 26, 29, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் நடந்தன. இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பதினான்கே நாட்களில் ஐந்து ஆட்டங்கள், மூன்று ஊர்கள், இரண்டு தேசங்கள். பெரிய ஆட்டத்துக்கும் புவனேசுவரத்துக்கும் நடுவே பயிற்சி நாள் பூஜ்யம். புவனேசுவரத்துக்கும் திம்புவுக்கும் நடுவே ஒன்று. அதுவும் கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் பழகிய நுரையீரல், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க வேண்டும்.

விளைவு என்ன? மோகன் பாகனிடம் 0-2, புவனேசுவரத்தில் ஒடிசாவிடம் 1-2. லீக்கில் தொடர்ந்து ஆறாவது தோல்வி. பள்ளிக்கூடத்திலும் காரியாலயத்திலும் கேலி தாங்க முடியவில்லை. அதே கோஷ்டி திம்புவுக்குப் போய்ப் பாரோவுடன் 2-2 என்று சமன் செய்தது. வங்காள தேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0 என்று வென்றது. லெபனானின் நெஜ்மேயை 3-2 என்று வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஓய்வு மிகுந்த நாட்களில் தோற்றவர்கள், மூச்சு விட நேரமில்லாத வாரத்தில் ஜயித்தார்கள்! அக்டோபரில் பொறுப்பேற்ற புதிய பயிற்சியாளர் ஆஸ்கர் புருசோனுக்கு ஆட்டக்காரர்கள் எல்லாரையும் ஓரிடத்தில் வைத்துப் பழக அந்த வாரம் உதவியிருக்கும் என்பது நமது அபிப்பிராயம். எதிரிகள் லீக்கில் உள்ளவர்களைவிடச் சற்று இளைத்தவர்கள் என்று மோகன் பாகன் கட்சியார் சொல்வார்கள். சொல்லட்டும்.

அட்டவணையின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் மேற்படி ஆறு தோல்விகளில் புவனேசுவரத்துத் தோல்வி ஒன்றுக்கே அது பொறுப்பு என்று நாம் கணக்கிடுகிறோம். இருந்தாலும் அட்டவணை வேறொரு விதத்தில் தீங்கு செய்தது. அதை நினைத்தால் நமக்கு இன்றும் வருத்தமே. பலம் பொருந்திய கோஷ்டிகளும் தொலைதூர ஊர்களும் முதலிலேயே வந்து விழுந்ததால், மூன்றே ஆட்டங்களில் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ராத் விலக நேர்ந்தது. செப்டம்பர் 30-இல் அவர் போய்விட்டார். அதே ஆண்டு ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்று, பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு தேசியக் கோப்பையும் காணாதிருந்த கோஷ்டியின் ஏக்கத்தைத் தீர்த்தவர் அவரே. இதே மூன்று தோல்விகள் டிசம்பரில், நாலைந்து வெற்றிகளுக்கு நடுவே வந்திருந்தால், யாரும் அவரை ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கொடிகளை உயர்த்திக் கொண்டு ஜனவரியில் ஆடியவர்களே செப்டம்பரில் அவருடைய தலையைக் கேட்டார்கள். இது நியாயமன்று.

அச்சிட்ட அட்டவணையும் கடைசி வரையில் நிலைப்பதில்லை. 2025 ஜனவரி 11-ஆம் தேதி மோகன் பாகன் தன் முறைக்கு நடத்த வேண்டிய பெரிய ஆட்டம் கல்கத்தாவில் நடைபெறவில்லை. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குவாஹாட்டியில் நடைபெற்றது. காரணம் கங்காசாகர் மேளா. பொங்கல் சமயத்தில் சியால்தாவிலிருந்து காக்துவீப், நாம்கானா செல்லும் வண்டிகளில் ஏறும் ஜனக்கூட்டத்தைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. போலீஸார் அனைவரும் அங்கே போய்விட்டால் சால்ட் லேக் மைதானத்தில் யார் நிற்பது? அட்டவணை போட்டவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கலாம் என்பதே நமது குறை. ஆண்டு முழுவதும் காசு சேர்த்து அந்த ஓர் ஆட்டத்துக்காகக் காத்திருந்த ஏழை அபிமானிகளுக்கு, குவாஹாட்டிக்குப் போய் வரும் செலவு கட்டுப்படியாகாது. ஈஸ்ட் பெங்கால் 0-1 என்று தோற்றதைப் பெரும்பாலோர் வீட்டில் இருந்தே பார்த்தார்கள்.

இனி, ‘நமக்கு எதற்கு?’ என்ற கேள்வி. அம்மையார் இதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றபோது, முன்வரிசையில் ஆடிய ஐவரை இவ்வூரார் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் நம்மைப் போலவே தென்னாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வங்கப் பிரிவினையில் வீடு வாசலை இழந்து அகதிகளாக வந்தவர்கள், தங்கள் மானத்தைக் காக்கும்படி இந்தத் தென்னாட்டு ஐவரை நம்பியிருந்தார்கள். அண்மைக் காலத்துச் செய்தியும் உண்டு. 2023 ஆகஸ்ட் 12-இல், நான்கரை ஆண்டுகளாக மோகன் பாகனை வெல்ல முடியாதிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு, டூரண்டு கோப்பையில் அந்த ஒரே கோலை அடித்து வெற்றி தேடித் தந்தவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பிள்ளை. அன்று நமது காரியாலயத்தில் நமக்குக் கிடைத்த உபசாரம் பதவி உயர்வு பெற்றவருக்கும் கிடைத்ததில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 9-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்குடன் ஆடும்போது அவரும் மகேஷ் சிங்கும் அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார்கள்; மறுநாள் உபசாரம் வேறு விதமாக இருந்தது. ஆயினும் மிஞ்சிய ஒன்பது பேர் ஒரு கோலும் விடாமல் காத்து, அந்தப் பருவத்தின் முதல் புள்ளியைப் பெற்றார்கள். முதல் வெற்றி நவம்பர் 29-இல் வந்தது. முடிவில் கோஷ்டிக்கு ஒன்பதாம் இடம்.

நம் வீடுகளுக்கு மட்டும் உரிய சங்கடம் ஒன்றும் அந்த அட்டவணையில் இருந்தது. டிசம்பர் 7-இல் சென்னையில் சென்னையின் கோஷ்டியை ஈஸ்ட் பெங்கால் 2-0 என்று வென்றது. பிப்ரவரி 8-இல் அதே சென்னையார் கல்கத்தாவுக்கு வந்து 3-0 என்று திருப்பிக் கொடுத்துப் போனார்கள். எந்தப் பக்கம் கை தட்டுவது? பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே இல்லை என்பதைப் பல வீடுகளில் கண்டோம். குழப்பம் பெற்றோருக்குத்தான்.

அம்மையாரின் கவலையில் பரீட்சைப் பகுதியை நாம் லேசாக எண்ணவில்லை. மேற்படி பிப்ரவரி 8-க்கு இரண்டு நாள் கழித்து, அதாவது 2025 பிப்ரவரி 10-இல், மாத்யமிக் தொடங்கிற்று. லீக்கின் நெருக்கமும் பரீட்சையின் நெருக்கமும் ஒரே மாதத்தில் வந்து மோதுவது புதிதன்று. ஆகவே பையனிடம் நோட்டைப் பிடுங்குவதற்குப் பதிலாக, புதிய அட்டவணை வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, இடைவெளி நாட்களை எண்ணச் சொல்லலாம். பயணத்துக்கு ஒன்று, உடம்பு தேற ஒன்று என்று அவனே கழிக்கட்டும். பிறகு அதே பக்கத்தில் பரீட்சைத் தேதிகளையும் எழுதச் சொல்லுங்கள். அவற்றுக்கு நடுவே எத்தனை நாள் மிஞ்சுகிறது என்பதையும் எண்ணட்டும். தேதிகளை எழுதுவது சிவப்பிலா மஞ்சளிலா என்பதை மட்டும் அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம்.