கோலப்போட்டி மட்டும் போதுமா?

தை பிறந்தால் தொலைக்காட்சி கேமராக்கள் அலங்காநல்லூருக்கும் அவனியாபுரத்துக்கும் போய்விடும். தஞ்சைப் பக்கம் திருக்கானூர்பட்டி, மாதாக்கோட்டையிலும் காளைகளை அவிழ்த்துவிடுகிறார்கள்தான். ஆனாலும் காவிரிப் பாசன ஊர்களின் பொங்கல் விளையாட்டு கபடி. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' சுவரொட்டி இல்லாத கடைத்தெருவை மன்னார்குடி வட்டாரத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வட்டாரத்து வடுவூர், பறவைகள் சரணாலயத்துக்கு ஈடாகக் கபடிக்கும் பெயர்போனது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். பெண்கள் அணிக்கும் தங்கம். அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியது.

கார்த்திகா டெல்டா கிராமம் ஒன்றில் பிறந்திருந்தால், ஊர்ப் பொங்கலில் அவருக்கு என்ன போட்டி வைத்திருப்பார்கள்?

விழா நோட்டீஸிலேயே பதில் இருக்கிறது. ஆண்களுக்குக் கபடி, கயிறு இழுத்தல், வழுக்கு மரம். பெண்களுக்குக் கோலப்போட்டி, இசை நாற்காலி. கோலம் சின்னக் கலை இல்லை. புள்ளி பிசகாமல் வாசல் நிறையப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் அதில் ஜெயித்தால் ஒரு எவர்சில்வர் குடத்தோடு கதை முடிந்தது. கபடியில் ஜெயித்த பையனையோ பக்கத்து ஊர் டீம் கூப்பிடுகிறது. நன்றாக ஆடினால் போலீஸ், ரயில்வே வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வரை வழி திறக்கிறது.

மரபு என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். மரபுக்கு மங்கோலியாவின் 'நாதாம்' திருவிழாவை விடவா? மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை மூன்றும் அங்கே ஆண்களின் விளையாட்டாகவே அறியப்பட்டவை. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த விழாவில் இன்று பெண்கள் அம்பு எய்கிறார்கள், சிறுமிகள் குதிரை ஓட்டுகிறார்கள். மல்யுத்தம் மட்டும் இன்னும் ஆண்கள் வசம்.

கபடியிலும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. ஆசிய விளையாட்டில் ஆண்கள் 1990இலேயே ஆடிவிட்டார்கள். பெண்களுக்கு 2010 வரை ஆனது. இன்று முதலமைச்சர் கோப்பையில் மாணவியர் கபடி இருக்கிறது, பள்ளிகளில் அணிகளும் இருக்கின்றன. ஊர்த் திடலில்தான் இடமில்லை.

ராத்திரி ஆட்டத்துக்குப் பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அதற்குக் காணும் பொங்கலன்று பிற்பகலில், விளக்கு போடும் முன்பே பெண்கள் கபடியை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னால் அணி வந்துவிடும். முதல் வருஷம் நாலு டீம் வந்தாலே ஆட்டம் களைகட்டும்.