கண்ணடித்த பிள்ளை

2018 பிப்ரவரியில் 'ஒரு அடார் லவ்' என்ற மலையாளப் படத்தின் பாட்டு ஒன்று வந்தது, நினைவிருக்கும். பள்ளிக்கூட விழாவில் ஒரு மாணவி, தனக்குப் பிடித்த பையனைப் பார்த்துக் கண்ணடிப்பாள். சில விநாடிதான். நடித்த பிரியா வாரியருக்கு அப்போது 18 வயது. பிளஸ் டூ முடித்து என்னிடம் டி.சி. வாங்கிப் போகும் பிள்ளைகளின் வயது. ஓரிரு நாளில் நாடே அறிந்த முகமாகிவிட்டார். எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பாட்டின் மேல் போட்ட வழக்கை ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் விட்டது, நாம் விடவில்லை. செப்டம்பரில் அதே படத்தின் அடுத்த பாட்டு யூடியூபில் வந்ததும் லட்சக்கணக்கானோர் வரிந்துகட்டிக்கொண்டு 'டிஸ்லைக்' அழுத்தினார்கள். பாட்டு சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அந்தப் பெண்ணை ஏன் கேலி செய்ய வேண்டும்? பிப்ரவரியில் அவரைத் தூக்கி வைத்தது யார்?

வகுப்பில் எத்தனையோ காதல் கடிதங்களைப் பிடித்திருக்கிறேன். ஒன்றைக்கூட மற்ற பிள்ளைகள் முன் படித்துக் காட்டியதில்லை, கிழித்துப் போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நானே அந்தக் கேலி மீம்களில் ஒன்றைச் சிரித்துக்கொண்டே நாலு பேருக்கு அனுப்பினேன்.