உப்புச் சதுப்பில் கன்று நட்டால் போதுமா?

"லீவுக்கு எங்கடா போயிருந்தே?" என்று வகுப்பில் கேட்டார்கள். "கோடியக்கரையில் பறவை எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றேன். "அப்படியே ராத்திரி நட்சத்திரத்தையும் எண்ணிட்டு வந்திருக்கலாமே" என்று ஒருவன் சொல்ல, பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தபோது அது உறுத்தியது. பறவையை எண்ணி என்ன ஆகப் போகிறது? அந்த நேரத்தில் நாலு கன்று நட்டாலாவது புண்ணியம் உண்டே? யோசித்துப் பார்த்ததில் கிடைத்த பதில்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. கோடியக்கரை, வேதாரண்யம் தொடங்கி முத்துப்பேட்டை வரை கடலை ஒட்டி ஒரு பெரிய உப்புச் சதுப்பு கிடக்கிறது. பார்த்தவுடன் யாருக்கும் பிடிக்காது. பெரும்பகுதியில் மரம் கிடையாது, நிழல் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை சேறு, அங்கங்கே உமரிச் செடி, தூரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பளத்துக் குவியல்கள். புதிதாக வருகிறவர்கள் 'சும்மா கிடக்கிற தரிசு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்தத் 'தரிசு', கோடியக்கரைக் காட்டையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து 38,500 ஹெக்டேர், 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதில் பெரிய பங்கு அந்தச் சேற்றுக்கு உண்டு. சேற்றுக்குள் புழு, பூச்சி, சின்ன நத்தை என்று ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையே இருக்கிறது. அதற்காகத்தான் சைபீரியாவின் வடகோடியிலிருந்து கொசு உள்ளான் வருகிறது. எடை முப்பது கிராம் தேறினாலே அதிகம். ஆகஸ்ட், செப்டம்பரில் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும்.

ஆகவே எங்கள் வேலையும் சீசன் வேலைதான். ஜனவரியில் எண்ணிக்கை. விடியற்காலையில் முழங்கால் சேற்றில் நடந்து போய், தொலைநோக்கியை நிறுத்தி, கூட்டம் கூட்டமாக எண்ண வேண்டும். கூடவே தண்ணீரின் ஆழம், உப்பின் அளவு. கேட்க எளிது. முதல் நாள் ஒரு கூட்டத்தைப் பார்த்து நான் தைரியமாக 'ஆயிரம்' என்று எழுதினேன். கூட வந்த உள்ளூர் அண்ணன், பல வருடமாக இந்தச் சேற்றில் ஆய்வாளர்களைக் கூட்டிப் போகிறவர், எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மொதல்ல பத்து எண்ணுங்க. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு பாருங்க. அப்பறம் அந்த அளவ வெச்சு மிச்சத்த எண்ணுங்க" என்றார். அப்படி எண்ணினால் அறுநூறு சொச்சம். மீதி நானூறையும் நானே முட்டையிட்டுப் பொரித்திருக்கிறேன் :-)

இந்த வேலை நேற்று வந்ததல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் காலத்தில், 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு வலசைப் பறவை ஆய்வைத் தொடங்கியது. தூர தேசத்துப் பறவைகள் நோய்க்கிருமிகளையும் சுமந்து வருகின்றனவா என்பது அன்றைய கேள்வி. பறவையைப் பிடித்து, எடை பார்த்து, இறகை அளந்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். கோடியக்கரையில் 1980-களில் வருடக்கணக்கில் இது நடந்தது. அந்தப் பழைய கணக்குகள் இருந்ததால்தான், கழகத்தின் ஆய்வாளர் எஸ். பாலச்சந்திரனால் 2006-ல், கிழக்குக் கடற்கரையில், குறிப்பாகக் கோடியக்கரையில், கரைப்பறவைகள் குறைந்துவிட்டன என்று ஆதாரத்தோடு எழுத முடிந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? "அந்தக் காலத்துல நெறைய வரும் தம்பி" என்ற பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சை எந்த மனுவோடும் இணைக்க முடியாது.

சரி, கன்று நடும் விஷயத்துக்கு வருவோம். அதற்கு எதிரியல்ல நான். 2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்திக் காட்டின் அருமை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எங்கே நடுவது, ஏன் அங்கே மரம் இல்லை என்று கேட்காமல் நடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதற்கு நல்ல பாடம் இதே சதுப்பின் மேற்கே, முத்துப்பேட்டையில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே அலையாத்தி மரங்களைக் கூப்பு கூப்பாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனது. வெயில் பட்டு மண் காய்ந்து அமுங்கி, நடுவில் தட்டு மாதிரி பள்ளம் விழுந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் இறங்க வழியில்லாமல் அங்கேயே நின்று வற்றியது, உப்பு மட்டும் தங்கியது. வருடா வருடம் இதே கதை. கடைசியில் உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்திக்கே தாங்காத அளவுக்கு உப்பு. அங்கே லட்சம் கன்று நட்டால் லட்சமும் சாகும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வனத்துறையோடு சேர்ந்து, முதலில் பிச்சாவரத்திலும் பிறகு முத்துப்பேட்டையிலும் செய்தது என்ன தெரியுமா? முதலில் பள்ளத்தையும் உப்பையும் அளந்தார்கள். பிறகு மீன் முள் மாதிரி, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று வெட்டினார்கள். கடல் தண்ணீர் வந்து போக வழி கிடைத்தது. தேங்கிய உப்பைக் கடலே கழுவிக்கொண்டு போனது. அதன்பிறகுதான் வாய்க்கால் கரையில் நடவு. காடு திரும்ப வந்தது. நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் வாய்க்கால் என்றால் தூர் சேரும். தூர் வாராவிட்டால் பழைய கதைதான். போன மே மாதம் அப்படித் தூர்ந்து போன வாய்க்கால் ஒன்றைச் சுத்தம் செய்யும் ஆட்களோடு நானும் ஒரு வாரம் இருந்தேன். மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்ததுதான் மிச்சம். அங்கே மேடை இல்லை, பேனர் இல்லை, போட்டோ எடுக்கவும் யாரும் வரவில்லை. தூர் வாருவதை யார் போட்டோ எடுப்பார்கள்?

போட்டோ எடுத்த இடம் வேறு. அதே கடற்கரையில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு சேற்றுத் திட்டில் முதல் வருடம் ஜனவரியில் எண்ணப் போனோம். கொசு உள்ளான், பவளக்காலி என்று என் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது. மறு வருடம் போனால் திட்டு முழுக்க வரிசை வரிசையாக அலையாத்திக் கன்று. மழைக்காலத்தில் விழா வைத்து நட்டிருக்கிறார்கள். அந்த முறை அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. மே மாதம் வாய்க்கால் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். கன்றுகள் காய்ந்த குச்சிகளாக நின்றன. பறவைக்கும் இல்லை, காட்டுக்கும் இல்லை.

ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துக் கன்றால்தான் பறவை போனது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அன்றைக்குக் காற்று மாறியிருக்கலாம், தண்ணீர் ஏறியிருக்கலாம். திறந்த சேற்றில்தான் கரைப்பறவைக்கு நிம்மதி, ஏனென்றால் மறைவு இருந்தால் கழுகும் வல்லூறும் பதுங்கி வரும் என்பது மட்டும் தெரியும். உறுதியாகச் சொல்லப் பத்து வருடக் கணக்கு வேண்டும். அது அந்தத் திட்டுக்கு இல்லை. என் வாதமே அதுதான். கணக்கு இல்லாததால் நான் சொல்வதும் ஊகம், நட்டவர்கள் சொல்வதும் ஊகம்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 2003-ல் பதினைந்தாயிரம் ஏக்கருக்கும் மேலான உப்பளங்களை அரசு வாங்கி, மறுபடி உப்புச் சதுப்பாக மாற்றத் தொடங்கியது. அங்கே ஒரு சிக்கல். சதுப்பு வந்தால் ஒரு வகை எலிக்கும் சதுப்புக் கோழிக்கும் நல்லது. ஆனால் பழைய உப்பளத் தண்ணீரை நம்பியும் ஏராளமான கரைப்பறவைகள் இருந்தன. அதனால் எல்லாக் கரையையும் ஒரேயடியாக உடைக்கவில்லை. பாதியைச் சதுப்பாக்குவதா, தொண்ணூறு சதவீதம் வரை போவதா என்பதை, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பறவைகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்வது என்று திட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். எண்ணிக்கைதான் அங்கே அடுத்த மண்வெட்டு எங்கே என்று சொல்கிறது.

நமக்கு அவ்வளவு பணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில விஷயங்களுக்குப் பெரிய பணம் தேவையில்லை. நடுவதற்கு முன்பு ஒரு முழு வருடமாவது அந்த இடத்தின் பறவையையும் உப்பையும் பார்க்க வேண்டும். 'இத்தனை கன்று நட்டோம்' என்று சொல்வதோடு நிறுத்தாமல், மூன்று வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நடவுக்கு ஒதுக்கும் பணத்தில் தூர் வாருவதற்கும் ஒரு பங்கு வேண்டும். கடற்கரை நெடுக அலையாத்தி வளர்க்க மத்திய அரசு 2023-ல் மிஷ்டி என்று தனித் திட்டமே அறிவித்திருக்கிறது. இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

கடைசியாக ஒன்று. என்னைப் போன்ற மாணவர்கள் ஒரு சீசன், இரண்டு சீசன் வருவோம், சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எந்தக் கரையில் எத்தனை மரம் நின்றது, எது விழுந்தது என்று அந்த அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவருக்கோ வருடத்தில் சில மாதம்தான் இந்த வேலை, மீதி நாள் உப்பளத்தில் கூலி. அவரைப் போன்றவர்களை வருடம் முழுக்க வேலையில் வைத்தால், அந்தச் சதுப்புக்கு ஒரு ஞாபகம் இருக்கும்.

பெஞ்சில் சிரித்த நண்பா, உனக்குப் பதில் இதுதான். நட்சத்திரம் குறைந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. கொசு உள்ளான் குறைந்தால் செய்யலாம், குறைகிறது என்று தெரிந்தால். அடுத்த ஜனவரியில் நீயும் வாயேன். பழைய செருப்பாக எடுத்து வா, சேறு திருப்பித் தராது.