குரல் இருக்கட்டும்

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதி காக்ஸ் டவுன். தமிழர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் தலைமுறைகளாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்த இடம். டி.எம். சௌந்தரராஜனும் மேல்நாட்டு நடனப் பாட்டும் ஒரே ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். ரீமிக்ஸ் சமாசாரத்தை எடைபோட இதைவிட வசதியான ஊர் ஏது?

முதலில் மேல்நாட்டுச் சரக்கு. கனடாவின் டெலிரியம் குழு 1997இல் வெளியிட்ட 'கர்மா' ஆல்பத்தில் 'சைலன்ஸ்' என்றொரு பாட்டு. பாடியவர் சாரா மெக்லாக்லன். நிதானமாக நகரும் இந்தப் பாட்டை டச்சு டிஜே டியஸ்டோ ஒரு விதமாகவும் ஏர்ஸ்கேப் வேறு விதமாகவும் டிரான்ஸ் இசையாக்கினார்கள். 2000இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் கிடைத்தது. டியஸ்டோவின் முழு வடிவம் 11 நிமிடத்தைத் தாண்டும். அவருக்கு அவசரமே இல்லை. தாளத்தை மெல்ல மெல்ல ஏற்றி, நடுவில் அதை விலக்கி, குரலைத் தனியே நிற்க வைக்கிறார். ஏர்ஸ்கேப்பிடம் ஆரவாரம் அதிகம். ஆனால் இரண்டிலும் ஒன்று மட்டும் மாறவில்லை: மெக்லாக்லனின் குரல்.

தமிழ் சினிமாவில் கதை தலைகீழ். 2007இல் 'அழகிய தமிழ் மகன்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் 'பொன்மகள் வந்தாள்' பாட்டை எடுத்துக்கொண்டார். 1970இல் 'சொர்க்கம்' படத்துக்கு ஆலங்குடி சோமு எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தது. மெட்டு தப்பியது, ராப் சேர்ந்தது, சௌந்தரராஜன் காணாமல் போனார். அதற்கு முன் 2004இல் வந்த 'நியூ' படத்தில் நடந்தது இன்னொரு வகை. 'படகோட்டி'க்கு (1964) வாலி எழுதிய 'தொட்டால் பூ மலரும்' வரிகள் மட்டும் மிஞ்சின. விஸ்வநாதன்-ராமமூர்த்தி மெட்டும் போயிற்று.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்தே ஒலிப்பதிவு செய்தார்கள். குரலை மட்டும் உரித்தெடுக்க வழியில்லை. இப்போது கம்ப்யூட்டர் அதைச் செய்துவிடுகிறது. அதற்கு மேலும் போகிறது. 2024இல் 'லால் சலாம்' பாட்டு ஒன்றில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார்.

எல்லோரும் கேட்டுச் செய்வார்களா? 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, தான் பாடியதைத் தன் பெயர் கெடும்படி சிதைத்தால் பாடகர் தட்டிக் கேட்கலாம். பாடாததைப் பாடியதாக ஆக்கினால்? அதைப் பற்றிச் சட்டத்தில் நேரடியாக ஒரு வரியும் இல்லை. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தன் குரலை நகலெடுப்பதற்கு எதிராக இடைக்காலத் தடை வாங்க வேண்டியிருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார், வழக்குப் போட முடிந்தது. சௌந்தரராஜன் 2013இல் மறைந்துவிட்டார்.

நாளைக்கே யாராவது அவர் குரலைப் பிரித்தெடுத்து டிரான்ஸ் தாளத்தில் மிதக்கவிடலாம். பாவமில்லை, நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் சோமு, விஸ்வநாதன், சௌந்தரராஜன் மூவரின் பெயரும் பாட்டோடு வர வேண்டும். சேர வேண்டிய பணம் அவர்கள் வீடுகளுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு தாளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளட்டும்.