பெட்டி நமக்கு... ட்யூப் யாருக்கு?

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்'னு தெருவுல சத்தம் கேட்டாலும் மதுரை அம்மாக்கள் அவ்வளவு லேசுல எதையும் தூக்கிக் கொடுத்துட மாட்டாங்க மக்களே! மிக்ஸியில செத்தது மோட்டார்தானே, ஜார் உசுரோடதானே இருக்கு? மெக்கானிக்கிட்ட கொடுத்து பிளேடைக் கழட்டிட்டா, அது கரண்டி ஸ்டாண்டு. அடியில இருக்கிற ஓட்டை வழியா தண்ணி வடிஞ்சுரும். கடையில காசு கொடுத்து வாங்குற ஸ்டாண்டு எல்லாத்துலயும் இந்த வசதி இருக்காது! அம்பது சிடி அடுக்கி வர்ற வட்ட டப்பா ஞாபகம் இருக்கா? நடுவுல ஒரு கம்பி நிக்குமே... அக்கா, தங்கச்சி இருக்கிற வீட்டுல அது இன்னிக்கு வளையல் டப்பா.

இந்த லிஸ்ட்டுல பெரிய தலைன்னா அது டிவி பெட்டிதான். 2006 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2011 வரைக்கும் தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல இலவச கலர் டிவி கொடுத்துச்சு. எல்லாம் 14 இன்ச், முதுகு தள்ளின மாடல். அதுல பாதிக்கு மேல இந்நேரம் கண்ணை மூடியிருக்கும்னு நினைக்கிறேன். எங்க அம்மாச்சி ஊர் சோழவந்தான் பக்கம். அங்கே ஒண்ணு கோழி அடைக்கிற கூண்டாகி, தினம் ஒரு முட்டை ஒளிபரப்பிட்டு இருக்கு!

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் போற வழியில ஒரு மெக்கானிக் அண்ணன் கடை இருக்கு. நாலு டிவி கூட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஒண்ணுல ரிமோட், ஒண்ணுல ஸ்க்ரூ, ஒண்ணுல ஒயர்னு செம ஷெல்ஃபா வச்சிருக்காரு. அவரோட டிபன் பாக்ஸ் மட்டும் வெளியே ஆணியில தொங்குது. "ஏண்ணே, அதையும் உள்ள வைக்கலாம்ல?"ன்னேன். "தம்பி, ஸ்க்ரூ சாப்பிடாது. நான் சாப்பிடுவேன்ல?"ன்னாரு.

அண்ணன் சொன்னதுல விஷயம் இருக்கு. ஓடுற பழைய டிவிக்குள்ள 20,000 வோல்ட்டுக்கும் மேல இருக்கும், சூடும் ஏறும். பிளாஸ்டிக் கூடு தீப்பிடிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துப் பெட்டிகள் பலதுல புரோமின் கலந்த ரசாயனத்தைச் சேர்த்தாங்க. அதுல ஒரு வகையை 2017-ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல தடைப் பட்டியல்லயே போட்டாச்சு. அதனால டிவி, மானிட்டர், கம்ப்யூட்டர் கூட்டுக்குள்ள அரிசி, பருப்பு, முறுக்கு எதுவும் வேண்டாம். செருப்பு, டூல்ஸ், பழைய ரெக்கார்ட் நோட்டு... இதுக்கெல்லாம் தாராளமா யூஸ் பண்ணலாம்.

சாப்பாடு வைக்கலாம்னா அதுக்கு ஃப்ரிட்ஜ்தான் ராஜா. செத்தாலும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் சாப்பாட்டுக்குன்னே செஞ்சது. கதவு ரப்பர் நல்லா இருந்தா எறும்பு, எலி எதுவும் எட்டிப் பார்க்க முடியாது. காஞ்ச அரிசி மூட்டைக்கு இதைவிட நல்ல குதிர் கிடைக்காது. ஆனா ஒரு ஆபத்து இருக்கு, சிரிக்கிற விஷயம் இல்லை. கண்ணாமூச்சி ஆடுற சின்னப்புள்ளைங்க உள்ளே போய் ஒளிஞ்சா, காத்து இல்லாம ஒரு உசுரே போயிரும். அமெரிக்காவுல அப்படிக் குழந்தைங்க செத்ததாலதான், கதவை உள்ளே இருந்து தள்ளித் திறக்கணும்னு 1956-ல தனிச் சட்டமே போட்டாங்க. குட்டிப் பசங்க வந்து போற வீடுன்னா கதவுக்கு வெளியே ஒரு பூட்டு போடுங்க. கொக்கி வச்ச ரொம்பப் பழைய மாடல்னா வீட்டுலயே வைக்காதீங்க. கம்ப்ரசரை நீங்களா அறுக்கவும் வேண்டாம், உள்ளே கேஸ் இருக்கு.

சரி, பெட்டி கதை முடிஞ்சுது. உள்ளே இருந்ததெல்லாம் எங்கே போச்சு?

டிவியை ஷெல்ஃப் ஆக்கிட்டு 'குப்பையைக் குறைச்சுட்டேன்'னு காலரைத் தூக்கி விடுறோம் பாருங்க, அங்கேதான் எனக்கு உறுத்துது. நாம வச்சுக்கிட்டது இருக்கறதுலயே சாதுவான பகுதி. சுருள்ல இருக்கிற செம்புக்குப் பழைய இரும்புக்கடையில நல்ல விலை உண்டு, அதை உருவிருவாங்க. மிச்சம் நிக்கிறது பிக்சர் ட்யூப். அதோட பின்பக்கப் புனல் கண்ணாடியில சுமார் அஞ்சுல ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு. அதுக்கு விலை கிடையாது. கல்லால அடிச்சு நொறுக்கி, ஏதாவது ஓடைக்கரையில கொட்டினா முடிஞ்சுது. ஈயம் முதல்ல பதம் பார்க்கிறது குழந்தைங்க மூளையை. உள்ளே வெற்றிடம் இருக்கிறதால அடிக்கிறவர் முகத்துக்கே கண்ணாடி தெறிக்கும், அது வேற. ட்யூப்ல கரண்ட் வேற தங்கியிருக்கும்கிறதால, 'நான் ஈ.சி.இ. ஸ்டூடன்ட்'னு ஸ்க்ரூ டிரைவரோட உட்காந்துடாதீங்க. நானும் ஈ.சி.இ.தான், மெக்கானிக்கிட்டதான் போறேன்.

'மதுரையில குப்பையை வச்சு ரோடே போடுறாங்களே, இதையும் அதுல கலந்தா என்ன?'ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2002-ல காலேஜ் வளாகத்துலயே பிளாஸ்டிக் ரோடு போட்டவர், 2018-ல பத்மஸ்ரீ வாங்கினவர். அவர் முறையிலயும் எல்லா பிளாஸ்டிக்கும் போகாது மாப்ள. பி.வி.சி.யைச் சூடு பண்ணினா நச்சு வாயு வரும்னு அதை ஒதுக்கித்தான் வைக்கிறாங்க. கேரி பேக் போற இடத்துக்கு டிவி கூடு போகக் கூடாது.

2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள்ல, முன்னாடி 21 வகையா இருந்த பட்டியலை 106 ஆக்கியிருக்காங்க. வித்த கம்பெனியே மறுசுழற்சிக்குப் பொறுப்பு. அதனால கூட்டைக் கழட்டச் சொல்லும்போதே மெக்கானிக்கிட்ட கேளுங்க: "அண்ணே, ட்யூபும் போர்டும் எங்கே போகுது?" பதில் 'இரும்புக்கடை'ன்னா, ரெண்டையும் நீங்களே வாங்கி, உடைக்காம கோணியில சுத்தி வச்சு, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கிட்ட கொடுங்க. ஒரு ட்யூபுக்காக ஆட்டோ பிடிக்கிறது நம்ம பர்ஸுக்குக் கட்டுப்படியாகாது. தெருவுல பத்து வீடு சேர்ந்தா ஒரே குட்டியானையில ஏத்தி அனுப்பிடலாம்.