வேப்பிலை போய் முருங்கையிலை வந்தது

நம் பக்கத்துக் கல்லூரிகளில் வேதியியலோ உயிரியலோ படிக்கும் பேரன் பேத்திகளைக் கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர், "தாத்தா, நான் இலையிலிருந்து நானோ துகள் செய்கிறேன், அது கிருமியைக் கொல்லும்" என்பார். வேப்பிலை, துளசி, முருங்கை, கொய்யா என்று பட்டியல் நீளும். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் வேலை என்பதே என் கட்சி.

செய்முறை இதுதான். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். சாற்றில் துத்தநாக நைட்ரேட் உப்பைக் கலந்து சுண்டக் காய்ச்சுவார்கள். பிறகு 400, 500 டிகிரி உலையில் வைத்து எடுத்தால் வெள்ளைப் பொடி கிடைக்கும். அது துத்தநாக ஆக்சைடு. கிருமி தடவிய தட்டில் குழி போட்டு அதை ஊற்றினால், சுற்றிலும் கிருமி வளராத வளையம் தெரியும். அளவுகோல் வைத்து இத்தனை மில்லிமீட்டர் என்று குறித்தால் கட்டுரை தயார். அடுத்த வருஷம் இலை மட்டும் மாறும்.

இலை அதில் என்ன செய்தது? இலைச்சத்து துத்தநாகத்தை 'ஒடுக்கியது' என்று எழுதுகிறார்கள். வெள்ளித் துகளுக்கு அது சரி. வெள்ளி அயனி எலக்ட்ரான் வாங்கி உலோகமாகிறது. துத்தநாகமோ உப்பிலும் +2, ஆக்சைடிலும் +2. எலக்ட்ரானே வாங்காததை ஒடுக்கம் என்பது எப்படி? வெள்ளிக்கு எழுதிய வரியை இங்கே ஒட்டவைத்ததுதான். இலையே இல்லாமல் அந்த உப்பைச் சூடாக்கினாலும் பழுப்பு வாயுவைக் கக்கிவிட்டு அதே ஆக்சைடு மிஞ்சும்.

இலைச்சாறு துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றலாம். அது ஆராயத் தக்கதே. ஆனால் அதை நிரூபிக்க, இலை சேர்க்காமல் செய்த பொடியையும் பக்கத்துக் குழியில் வைக்க வேண்டும். வெறும் இலைச்சாற்றையும் வெறும் துத்தநாக உப்பையும் வைக்க வேண்டும். பல கட்டுரைகளில் இந்த மூன்றும் ஒன்றாக இருப்பதில்லை.

வளையத்தையும் நம்ப முடியாது. கரையும் மருந்து அகாரில் பரவும். கரையாத பொடி அவ்வளவாகப் பரவாது. ஆகவே வளையத்தின் அகலம் வீரியத்தின் அளவு அல்ல. 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வட்டுக்குப் பக்கத்தில் அதைப்போலப் பல மடங்கு பொடியைக் கொட்டிவிட்டு, "மருந்துக்கு இணை" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

"படிக்கிற பிள்ளைகள், விட்டுவிடுங்கள் சார்" என்பீர்கள். விட முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் கணக்குச் சொன்னது. நம் வயதுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் வரும் சிறுநீர்த் தொற்றும், சர்க்கரை வியாதிக் கால் புண்ணும் இந்தக் கணக்கோடு சேர்ந்தவை. இத்தனை இளைஞர்களின் உழைப்பு வெள்ளைப் பொடியிலேயே சுற்றிக்கொண்டிருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

துத்தநாக ஆக்சைடு தீங்கற்றது என்றும் கண்ணை மூடிச் சொல்ல முடியாது. கேலமைன் லோஷனாகத் தோலில் தடவுவது வேறு. ஐரோப்பாவில் பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்காகத் தீவனத்தில் மருந்தளவில் இதைக் கலந்தார்கள். மண்ணில் துத்தநாகம் சேர்கிறது, மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகக்கூடும் என்ற கவலையில் 2022 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். இலை சேர்ந்ததால் இந்தக் கேள்விகள் மறைந்துவிடாது.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. எண்ணிக்கை கேட்கும் ஏற்பாட்டின் மேல்தான் கோபம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை பல்கலைக்கழக மானியக் குழு 2022-இலேயே நீக்கிவிட்டது. எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் போகவில்லை.

பேரன் கட்டுரையைக் காட்டினால் முதலில் பாராட்டுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இலை இல்லாமல் செய்து பார்த்தாயா? கிருமியை நிறுத்த எவ்வளவு குறைந்த அளவு போதும்? அந்த அளவில் மனித செல் பிழைக்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது ஆராய்ச்சி. அதுவரை யாராவது 'மூலிகை நானோ' என்று களிம்பை நீட்டினால், காலில் புண் உள்ளவர்கள் தொடவே தொடாதீர்கள்.