கடுகு சிறுத்தால் காரம் போகுமா? கூடைப்பந்தும் உடலமைப்பும்



கூடைப்பந்து நெட்டையானவர்களின் விளையாட்டு என்பது பொதுவான எண்ணம். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் அருகே நின்று போராடும் முன்கள ஆட்டக்காரருக்கு உயரம் வேண்டும் என்பதில் நியாயமும் உண்டு. அவ்வாறாயின், கல்லூரி அளவில் சிறப்பாக ஆடும் ஒரு முன்கள ஆட்டக்காரர், அந்த இடத்துக்குரிய உயரமும் இன்றி, உடலும் பருத்தவராக இருந்தால், தொழில்முறை ஆட்டத்தில் வெல்ல முடியுமா?

'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்று பழமொழி கூறி இதைக் கடந்துவிடலாம். ஆனால் ஆறுதல் வேறு, விடை வேறு. இத்தகைய உடலமைப்புள்ள பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். கூடைப்பந்தை இணைப்பாட நடவடிக்கையாகத் தேர்ந்தெடுக்க அவர்கள் தயங்குவதையும் காண்கிறோம். ஆகவே உண்மையான விடையைத் தேடுவது நம் கடமை.

முதலில் நினைவுக்கு வருபவர் சார்லஸ் பார்க்லி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லீட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் ஒரு கட்டத்தில் அவருடைய உயரம் 5 அடி 10 அங்குலம். எடை ஏறத்தாழ 100 கிலோகிராம். பள்ளியின் முதன்மை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் வளர்ந்தார், ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அங்கும் அவருடைய பருமனைக் கேலி செய்யும் பட்டப்பெயர்களே பெருகின. என்பிஏ பட்டியலில் அவருடைய உயரம் 6 அடி 6 அங்குலம். உண்மையில் அதைவிடக் குறைவு என்று அவரே சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரில் அந்த உயரத்தை அண்ணாந்து பார்ப்போம். ஆனால் என்பிஏயில் வளையத்தருகே ஆடுபவருக்கு அது குட்டைதான்.

1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணித் தேர்வில் அவர் நீக்கப்பட்டார். அதே ஆண்டு பிலடெல்பியா அணி அவரை ஐந்தாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. 1986-87 பருவத்தில், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துகளை ஆட்டத்துக்குச் சராசரியாக 14.6 என்ற அளவில் கைப்பற்றி, என்பிஏயில் முதலிடம் பெற்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவரே. 1993ஆம் ஆண்டு என்பிஏயின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார்.

இது எவ்வாறு இயன்றது? திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதில் உயரம் ஒரு பாதி மட்டுமே. பந்து எங்கே விழும் என்பதை முன்னதாகக் கணிப்பதும், அந்த இடத்தைப் பிறருக்கு முன் பிடிப்பதும், எதிராளியை முதுகாலும் இடுப்பாலும் தடுத்து நிற்பதும் மறுபாதி. கனத்த, தாழ்ந்த உடலை அந்த இடத்திலிருந்து தள்ளுவது கடினம். பிறர் குறையென்று கண்ட எடையே அங்கே கருவியாயிற்று.

ஆனால் கதையின் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. தாம் ஏன் களமிறக்கப்படுவதில்லை என்று இளம் பார்க்லி மூத்த வீரர் மோசஸ் மலோனிடம் கேட்டார். பருமனும் சோம்பலும்தான் காரணம் என்று மலோன் முகத்துக்கு நேரே சொன்னார். அத்தோடு விட்டுவிடவில்லை, பத்துப் பத்துப் பவுண்டாக எடையைக் குறைக்க உடனிருந்து உழைக்கவும் வைத்தார். பார்க்லி இதை நன்றியோடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அண்மைக் காலத்துச் சான்று டிரேமண்ட் கிரீன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடியவர். முன்களத்துக்குக் குட்டை, பிற இடங்களுக்கு வேகம் போதாது என்ற ஐயத்தினால் 2012ஆம் ஆண்டு 35ஆவது வீரராகவே தேர்வானார். அவரது உயரமும் ஏறத்தாழ 6 அடி 6 அங்குலமே. ஆயினும் விரித்த கைகளின் நீளம் 7 அடிக்கு மேல்; ஆட்டத்தைப் படிக்கும் அறிவோ அளவுக்கு அடங்காதது. 2017ஆம் ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதையும், கோல்டன் ஸ்டேட் அணியோடு நான்கு பட்டங்களையும் வென்றார்.

மறுபுறம், உயரம் மட்டும் போதுமா? பஞ்சாபைச் சேர்ந்த சத்னம் சிங் 7 அடி 2 அங்குலம் உயரமுள்ளவர். 2015ஆம் ஆண்டு டல்லாஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு, இந்தியாவில் பிறந்து என்பிஏ தேர்வு பெற்ற முதல்வர் என்ற பெருமை பெற்றார். எனினும் என்பிஏ பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

எடையின் விலையையும் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டு முதல் வீரராகத் தேர்வான ஸயன் வில்லியம்சன் 6 அடி 6 அங்குலம் உயரமும் ஏறத்தாழ 129 கிலோகிராம் எடையும் கொண்டிருந்தார். களத்தில் நின்றபோது அவரைத் தடுப்பது அரிதாயிருந்தது. ஆனால் கால் காயத்தினால் 2021-22 பருவம் முழுவதையும் இழந்தார்.

ஆகவே என் விடை இது: வெல்ல முடியும், நிபந்தனைகளோடு. உயரத்தால் பறிக்க முடியாத திறன் ஒன்றாவது அவரிடம் இருக்க வேண்டும். அந்த எடையைச் சுமக்கும் கால்களைப் பயிற்சியால் உருவாக்கியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லி உடன் நிற்கும் ஒருவரும் வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனையே நம்மைச் சேர்ந்தது. 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் நடப்பிலிருந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் பலருக்கு நினைவிருக்கும். எடை மிகுந்த மாணவர்களைப் பிரித்தெடுத்துக் கூடுதல் உடற்பயிற்சி அளித்தார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பி வாசித்தால் 'ஃபேட்' என்று வரும். பிள்ளைகள் கேலி செய்ய அதுவே போதுமாயிற்று. எடையைக் குறிவைத்த திட்டம் அந்த உடலால் என்ன இயலும் என்று கேட்கவில்லை.

நாஃபா உடலுறுதித் தேர்வையும் எண்ணிப் பாருங்கள். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது, 2.4 கிலோமீட்டர் ஓடுவது ஆகியவை தம் எடையைத் தாமே சுமக்கும் திறனைச் சோதிப்பவை. அது தேவையான சோதனைதான். ஆனால் பந்து விழும் இடத்தைக் கணிக்கும் கண்ணையும், இடித்தாலும் நகராத காலையும் அது அளப்பதில்லை. அதில் பின்தங்கிய பிள்ளை விளையாட்டுக்கே ஆகாதவன் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

தொழில்முறை ஆட்டக்காரராவது எந்த உடலமைப்புக்கும் அரிது. என்பிஏ தேர்வில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 பேருக்கே இடமுண்டு. ஆதலால் பார்க்லியின் பெயரைச் சொல்லிப் பிள்ளைக்கு என்பிஏ கனவு ஊட்டச் சொல்லவில்லை. தேக்காவை ஒட்டிய வீவக அடுக்குமாடிகளின் கீழே உள்ள கூடைப்பந்துத் திடலில் அவனும் முன்கள ஆட்டக்காரனாக நிற்கலாம் என்பதே என் வேண்டுகோள். 'நீ குண்டு, உட்கார்' என்பதும் தவறு. 'எடை ஒரு பொருட்டில்லை' என்பதும் பொய். 'இந்த இடத்தைப் பிடித்து நில். நாளை இன்னும் ஒரு சுற்று கூடுதலாக ஓடுவோம், நானும் வருகிறேன்' என்று சொல்வதற்கு நம்முள் எத்தனை பேர் முன்வருவோம்?